பச்சைத் துணி கட்டிய பீர்க்கங்காய்

என் மனைவி மைமூன் தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பஸ்ஸில் வந்த கசங்கலோடு அப்படியே கொல்லைக் கதவைத் திறந்து படியில் நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். முகம் தெரியவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காற்று சுழன்று சுழன்று அடித்தது. புதிதாகக் கொத்திப் புரட்டிய மண்ணின் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. நூல் பிடித்துக் கட்டிய பாத்திகள் ஏழு. ஒரு சருகு கிடையாது, ஒரு வேர் கிடையாது. சீப்பு வைத்து வாரிய தலை மாதிரி இருந்தது கொல்லை.

"எப்படி இருக்கு?" என்றேன். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்வி அது.

அவள் பாத்தியைப் பார்க்கவே இல்லை. மூலையில் இருந்த பந்தலை அண்ணாந்து பார்த்தாள். அங்கே வெறும் கம்பும் கயிறும் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"ஒரு காய்க்குப் பச்சைத் துணி கட்டியிருந்தேனேங்க," என்றாள்.

போன வாரம், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய நாளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு இரண்டு மூன்று பேர், "அப்புறம் வீட்டோடு எப்படி ஒட்டிக்கொண்டீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். ஒட்டிக்கொண்ட லட்சணத்தைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

ரவுண்டானா பாய்

எனக்கு ஊர் லெப்பைக்குடிகாடு. வெள்ளாற்றங்கரை. எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பெட்டி ஏறாத பரண் கிடையாது. ஒருத்தர் கடை வேலை, ஒருத்தர் டிரைவர், ஒருத்தர் ஆபீஸ் பையன் என்று வளைகுடா முழுக்கச் சிதறிக் கிடப்போம். அதில் நான் கொஞ்சம் வேறு ஜாதி. அங்கே பெரிய ரோடுகளின் நடுவில் இருக்கிற ரவுண்டானாவில் பூச்செடி நடுகிறவன். இருபது வருஷத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு. ஊரில் எனக்குப் பெயரே ரவுண்டானா பாய்தான்.

கோடை முடிந்து வெயில் கொஞ்சம் இறங்கும்போது எங்களுக்குப் பெரிய வேலை வரும். கோடைச் செடியை முழுவதும் பிடுங்கிவிட்டுக் குளிர்காலப் பூவை நட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ரோடு காலியாக இருக்கும். ஆறு பேர் வரிசையாக மண்டியிடுவோம். பிடுங்கு, மண்ணை உதறு, சாக்கில் போடு. பின்னாலேயே லாரியில் நாற்றுத் தட்டுகள் வரும். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புவதற்குள் வட்டம் முழுக்க வேறு நிறமாகியிருக்கும். காரில் போகிறவர்களுக்கு நேற்று அங்கே என்ன இருந்தது என்றே நினைவு வராது.

அதில் எனக்குக் கர்வம் உண்டு. செடி ஒரு சாக்கு, கயிறும் துணியும் பிளாஸ்டிக்கும் இன்னொரு சாக்கு. கலந்து போட்டால் மேஸ்திரிக்குப் பிடிக்காது. மேஸ்திரி கேரளாக்காரர், நல்ல மனிதர். "பாய் கை பட்டா எடம் கண்ணாடி" என்பார்.

ஒரு செடிக்கும் அங்கே வயதாக விடமாட்டோம். இலை லேசாகப் பழுத்தால் வெளியே. இத்தனை வருஷம் செடியோடு செடியாகக் கிடந்தவன், ஒரு செடி பூத்து, காய்த்து, முற்றி, விதையாகி நின்றதைப் பார்த்ததே இல்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மைமூன் படியில் நின்ற அன்றுதான் உறைத்தது.

மூன்று நாள் ராஜ்ஜியம்

வைகாசியில் வந்து இறங்கினேன். முதல் பத்து நாள் கோழியும் ஆட்டுக்கறியுமாக ஓடியது. அதற்குப் பிறகுதான் வீட்டில் எனக்கு வேலையே இல்லை என்பது தெரிந்தது.

மோட்டார் சுவிட்ச் எங்கே, கேஸ் புத்தகம் எங்கே, பால்காரர் எத்தனை மணிக்கு வருவார், ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் மைமூன் ஒரு கையால் செய்துவிட்டு, "நீங்க உக்காருங்க, இத்தன வருஷம் ஒழச்சது போதாதா?" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் விருந்தாளி மாதிரி இருக்கிறது. விருந்தாளியாக எத்தனை நாள் இருக்க முடியும்?

அப்போதுதான் அரியலூரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் போன் பண்ணினாள். பேரனுக்குக் காய்ச்சல். மைமூன் கிளம்பினாள்.

"மூணு நாள்ல வந்துருவேன். கொழம்பு சுட வெச்சுக்கங்க. கொல்லைக்குக் காலைல ஒரு தடவ தண்ணி காட்டுங்க, போதும்."

அந்தப் 'போதும்' என் காதில் விழவே இல்லை.

மறுநாள் காலையில் தண்ணீர் காட்டப் போனேன். கோடைக் கொல்லை கடைசி மூச்சில் இருந்தது. வெண்டை முற்றி வெடித்து நின்றது. கத்தரிக்காய் இரண்டு பழுத்து மஞ்சளாகித் தொங்கின. கொத்தவரை சருகு. பந்தலில் பீர்க்கங்கொடி பழுப்பேறி, நடுவில் காய்ந்து போன ஒற்றைக் காய். அதன் காம்பில் பழைய சேலையில் கிழித்த பச்சைத் துணி. காற்றடித்தால் காய் கம்பத்தில் இடித்து, உள்ளே எதுவோ கலகலவென்றது.

எனக்கு என்ன தோன்றும்? இருபது வருஷத்துக் கண் அது. கோடை முடிந்தது, பட்டம் மாறுகிறது, இடத்தைக் காலி பண்ணு என்றுதான் தோன்றியது. மைமூன் திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும்.

இரண்டு நாளில் முடித்தேன். ஒன்பது சிமெண்ட் சாக்கு நிறைந்தது. துணியைச் செடியோடு போடக் கூடாது அல்லவா? பச்சைத் துணியை அவிழ்த்து, மடித்து, ஆணியில் மாட்டினேன்.

குப்பை வண்டி வந்தது. எங்கள் தெருவுக்கு அஞ்சலைதான் வருவாள். பேரூராட்சியின் பேட்டரி வண்டியை அவளே ஓட்டுவாள். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு நின்றாள்.

"பாய், காஞ்ச பீர்க்கங்காயப் போட்டிருக்கீங்களே. அக்கா சொல்லித்தான் போடுறீங்களா?"

"ஆமா ஆமா," என்றேன்.

"நாரு முதுகு தேய்க்க ஆவும். நான் எடுத்துக்கட்டா?"

"சேச்சே, மக்குற குப்பைய மக்குற குப்பையாத்தான் போடணும் அஞ்சலை. பிரிச்சு எடுக்கக் கூடாது," என்று அவளுக்கே நான் பாடம் எடுத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பெரம்பலூரில் கொடுத்த முடிச்சு

மைமூன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். ஆணியில் இருந்த துணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு குளிக்கப் போய்விட்டாள்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளாகவே ஆரம்பித்தாள்.

"நீங்க மொத மொத பிளேன் ஏறுன அன்னிக்கு, திருச்சிலேருந்து எல்லாரும் வேன்ல திரும்பி வந்தோம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட டீ குடிக்க நிறுத்துனாங்க. எனக்கு எறங்கப் புடிக்கல. ஜன்னலோரம் ஒரு அம்மா கூடையில பீர்க்கங்கா வெச்சிக்கிட்டு நின்னுச்சு. குட்டக் காய்ங்க. சாண் நீளம்கூட இருக்காது. பால் கலர்ல இருந்துச்சு. என்னப் பாத்துட்டு, ஏன் தங்கம் அழுவுறன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"வூட்டுக்காரரு வெளிநாடு போயிட்டாருன்னு சொன்னேன். அந்தம்மா திருமழபாடிப் பக்கம். முந்தானை முடிச்ச அவுத்து பத்து வெதைய எடுத்துக் கையில குடுத்துச்சு. போயி ஊனு, இது காய்க்கறதுக்குள்ள அவருகிட்டேருந்து சேதி வந்துரும்னு சொல்லுச்சு."

வந்தது. கொடி பந்தல் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் என் முதல் கடிதம் வந்ததாம். அதில் நான் என்ன எழுதினேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வருஷம் விடாமல் அந்த விதையை எடுத்து வைத்திருக்கிறாள். கொடியின் நடுப்பகுதியில் வருகிற நல்ல காயாகப் பார்த்து, யாரும் பறித்துவிடாமல் இருக்கத் துணி கட்டி, கொடியிலேயே காய விடுவாள். குலுக்கினால் சத்தம் கேட்கும். அப்புறம்தான் பறிப்பாள். எனக்கு வீடியோவில் கொல்லையைக் காட்டும்போதெல்லாம் பச்சைக் காயைத்தான் காட்டியிருக்கிறாள். காய்ந்ததைப் போய் யார் காட்டுவார்கள்?

"கையில மிச்சம் இல்லையா மைமூன்?"

"எப்பவும் நாலு வெதைய டப்பாவுல போட்டு வெப்பேன். இந்தத் தடவ நீங்க ஒரேடியா வர்றீங்களேன்னு அத்தனையும் ஊனிட்டேன். பந்தல் நெறைய காய்க்கட்டுமேன்னு."

காய்த்ததுதான். வைகாசியிலும் ஆனியிலும் கூட்டு, பொரியல், துவையல் என்று தினம் ஒன்றாகச் செய்து போட்டாள். போனைப் பார்த்துக்கொண்டே தின்றேன். நீளமா குட்டையா, வெள்ளையா பச்சையா என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் விதை கொடுத்திருந்த நாலு வீட்டுக்குப் போன் பண்ணினாள். எல்லோரும் கடைசிக் காய் வரைக்கும் சமைத்துத் தின்றிருந்தார்கள். நான் குப்பைக் கிடங்குக்கு ஓடினேன். அஞ்சலை உரக்குழியைக் காட்டினாள்.

"எல்லாத்தையும் கொட்டிப் பொரட்டியாச்சு பாய். மூணு வார்டு குப்பை. நான் அன்னிக்கே கேட்டேன்ல?"

மேஸ்திரியின் குரல்

அந்த வாரமே மேஸ்திரியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. கொல்லையில் நின்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாய், நம்ம குளிர்காலப் பூ நடவுக்கு ஆள் பத்தலை. பழைய கை வேணும். நாலஞ்சு மாசம் மதி, போதும். விசா, டிக்கெட் எல்லாம் நம்ம பாத்துக்கும். நடவு தொடங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லணும்."

மைமூன் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி கேட்டது. நான் அவளிடம் சொல்லவில்லை. மேஸ்திரிக்கு மட்டும் "இன்ஷா அல்லாஹ், சொல்றேன்" என்று அனுப்பினேன். எங்கள் ஊரில் அது வருவேனும் இல்லை, வரமாட்டேனும் இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. அங்கே நான் கைதேர்ந்தவன். இங்கே தண்ணி காட்டச் சொன்னால் தோட்டத்தையே காலி பண்ணுகிறவன். திரும்பி வர வேண்டும் என்று அத்தனை வருஷம் ஏங்கின வீட்டில் என் கைக்கு இடம் இல்லையே என்று துக்கமாக இருந்தது.

பட்டம் தவறக் கூடாது என்று இருவருமாக விதைத்தோம். வேலியோரம் அவரை. இரண்டு பாத்தி வெண்டை. பக்கத்து வீட்டில் வாங்கின கத்தரி நாற்று. கொல்லைக் கோடியில் பரங்கி. விதைத்துக்கொண்டே மைமூன் சிரித்தாள்.

"நான் ஒரு நாளும் இப்படி மொட்டையடிச்சதில்லங்க. பழைய வெண்ட நிக்கும்போதே அது காலடியில புதுச ஊனிருவேன். அது நெழல்ல இது தல தூக்குனதும்தான் பழசப் புடுங்குவேன். எப்ப கோட போச்சு, எப்ப மழைக்காலம் வந்துச்சுன்னு கொல்லைக்கே தெரியாது."

பந்தலடிக் குழியை மட்டும் அவள் காலியாக விட்டாள்.

கொள்ளிடக் கரை

ஒரு காலையில், "அரியலூர் போயிட்டு வரேன், பேரனப் பாத்துட்டு," என்று கிளம்பினேன். பேரனைப் பார்த்தது பத்து நிமிஷம். அங்கிருந்து திருமழபாடி பஸ் ஏறிவிட்டேன்.

ஜன்னல் சீட்டு. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைப் புழுதி. போகப் போகப் பச்சை. வயலில் நாற்று விட்டிருந்தார்கள். அந்த அம்மா கூடையோடு இந்த வழியாகத்தானே போயிருப்பாள் என்று எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் பார்த்துக்கொண்டே போனேன். இருபது வருஷத்துக்கு முன் பார்த்தது மைமூன். எனக்கு அந்த அம்மாவின் முகம்கூடத் தெரியாது. இருந்தும் பார்த்தேன்.

கோயில் தெரு முனையில் காய்கறி விற்ற ஒருவரிடம் கேட்டேன்.

"குட்டப் பீர்க்கங்காயா? வெள்ளையா இருக்குமே, அதுவா? பாத்து ரொம்ப வருஷமாச்சு சார். இப்பல்லாம் பாக்கெட் வெதைதான். நீட்டக் காய்தான் ஓடுது. தா.பழூர் பக்கம் வேணா கேட்டுப் பாருங்க."

தா.பழூருக்கும் போனேன். அங்கே ஒருவர் கங்கைகொண்ட சோழபுரத்தில் கேட்கச் சொன்னார். அதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. இப்படியே கேட்டுக்கொண்டு போனால் கடலில்தான் போய் நிற்க வேண்டும் என்று திரும்பிவிட்டேன்.

நடுவில் ஒரு மணி நேரம் கொள்ளிடக் கரையில் உட்கார்ந்திருந்தேன். அதை எழுதாமல் விட மனசு வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. அக்கரை ஏதோ யோசனையில் இருப்பது போல மங்கலாக இருந்தது. மணலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். வளைகுடாவிலும் மணல்தான். அங்கே ஒரு நாளும் இப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை. யாரோ ஒருத்தி முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் பத்து விதையைக் கொடுத்தாள். நான் ஊரில் இல்லாத அத்தனை வருஷமும் அது காய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வந்தேன், நின்றுவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் கண்ணயர்ந்தேன். கனவில் பெரிய ரவுண்டானா. நடுவில் எங்கள் வீட்டுப் பந்தல். கார்கள் சத்தமே இல்லாமல் சுற்றிச் சுற்றி வருகின்றன. பந்தலுக்குக் கீழே மைமூன் அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். எனக்கு ரோட்டைத் தாண்டத் தெரியவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மைமூன் என் கைலி மடிப்பைப் பார்த்தாள்.

"அரியலூர்ல ஏதுங்க இவ்வளவு ஆத்து மணலு?"

"காத்துல வந்திருக்கும்," என்றேன். அவள் துடைப்பத்தை எடுத்துக் கூட்டிவிட்டுப் போனாள்.

மூன்று வார்டு சாப்பாடு

ஆடி முடிகிற சமயம் நல்ல மழை ஒன்று பெய்தது. நாலைந்து நாள் கழித்து அஞ்சலை வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டாள்.

"பாய்! உங்க சாக்கு கொட்டுன எடத்துல பீர்க்கு மொளச்சிக் கெடக்கு. வந்து பாருங்க!"

செருப்புக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். உரக்குழியின் சூடு படாத விளிம்பு முழுக்கப் பச்சை. தக்காளி, பூசணி, பாகல், மிளகாய், பீர்க்கு எல்லாம் முண்டியடித்துக்கொண்டு நின்றன. மூன்று வார்டு சாப்பிட்ட சாப்பாடு அங்கே முளைத்து நின்றது.

"இந்த மூலைதான் உங்களுது," என்றாள் அஞ்சலை. "ஆனா பொரட்டுனதுல யாருது எங்க போச்சோ, எனக்குத் தெரியாது பாய்."

இரண்டு இலைப் பருவத்தில் எல்லாப் பீர்க்கும் ஒன்றுதான். குட்டையா நீளமா என்று இலையில் எழுதியிருக்காது.

மைமூனிடம் சொன்னேன். அவள் கண் ஒரு நிமிஷம் விரிந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"பீர்க்கு எடம் மாத்துனா வராதுங்க. வேரு அசைஞ்சா போச்சு. மொளச்ச எடத்துலயே கெடக்குற சாதி அது."

"நான் லட்சம் நாத்து எடம் மாத்தியிருக்கேன்," என்றேன். வந்த நாளிலிருந்து நான் அவளிடம் நிமிர்ந்து பேசிய முதல் பேச்சு அதுதான்.

காலி பால் பாக்கெட் ஆறைக் கழுவி அடியில் ஓட்டை போட்டேன். முதல் நாள் சாயங்காலமே போய் மண்ணை நனைத்து வைத்தேன். மறுநாள் வெயில் ஏறுமுன் கத்தியால் சுற்றிலும் வட்டம் போட்டு, அடியில் கையைக் கொடுத்து, மண்ணோடு மண்ணாகத் தூக்கினேன். தண்டைத் தொடவே கூடாது. இலையை மட்டும் லேசாகப் பிடிக்கலாம். அஞ்சலை பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சப்புள்ளயத் தூக்குற மாரில்ல தூக்குறீங்க," என்றாள்.

ஆறில் ஒன்று வாடிப்போனது. ஐந்து பந்தலடிக் குழியில் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் மைமூன் குனிந்து பார்த்து, "அட, கொழுந்து விட்ருச்சுங்க!" என்று கூவினாள். வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் சம்பளம் அது.

மஃரிபு நேரத்துப் பூ

ஆவணி ஒரு தூக்கம் மாதிரி போனது. காலையில் மூட்டம், மதியம் வெயில், சாயங்காலம் தூறல். கொடி ஒரு நாளைக்கு ஒரு கம்பு ஏறியது. அதன் சுருள் கயிறுகள் காற்றில் தடவித் தடவி எதையாவது பிடித்துக்கொண்டன. நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் பந்தலடியில் போட்டுக்கொண்டேன்.

பீர்க்கம்பூ மாலையில் பூக்கும் என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பகல் முழுக்க மொட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். வெயில் இறங்கிய பிறகு மெல்லத் தளரும். பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு தொடங்கும்போது பார்த்தால் பந்தல் முழுக்க மஞ்சள். எந்தப் பூ எப்போது விரிந்தது என்று கண் வைத்துக்கொண்டிருந்தாலும் தெரியாது. ஒரு மெல்லிய வாசனை வரும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் வராது, சும்மா இருந்தால் வரும்.

"இத்தன வருஷம் இத எனக்குக் காட்டவே இல்லியே?" என்று கேட்டேன்.

"இந்நேரத்துக்கு நீங்க வேலையில இருப்பீங்க. போன் எடுக்க மாட்டீங்க," என்றாள்.

இருபது வருஷத்துச் சாயங்காலங்களை நான் நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இந்தப் பூ பூத்திருக்கிறது. இவள் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

இதற்கிடையில் மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். காய் வரட்டும் என்று தள்ளிப் போட்டேன். குட்டைக் காயாக இருந்தால் என் தப்பு தீர்ந்தது, இருந்துவிடலாம். நீளமாக இருந்தால் எந்த முகத்தோடு இருப்பது? இப்படி ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெளியில் சொல்லவில்லை.

இரண்டு விதை

புரட்டாசியில் காய் இறங்கியது. விரல் நீளத்தில் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. தினம் காலையில் போய்ப் பார்ப்பேன். சாண் ஆனது. சாணைத் தாண்டியது. முழமாகத் தொங்கியது. கரும்பச்சை, கையை அறுக்கிற விளிம்பு. ஐந்து கொடியும் அப்படியே. சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிற அதே காய்.

முதல் காய்களைப் பறித்துக் கூட்டு வைத்தோம். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பந்தலடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரிக்கு 'வரேன்' என்று ஒரு வார்த்தைதான் அனுப்ப வேண்டும். மைமூன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது அது இல்ல மைமூன்," என்றேன்.

"தெரியுது."

"யாரு வூட்டுக் காயோ."

"யாரு வூட்டுதா இருந்தா என்ன? நம்ம பந்தல்லதான காய்ச்சிருக்கு. முக்காலியக் கொஞ்சம் புடிங்க, ஆடுது."

பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி நின்று, கொடியின் நடுவில் தொங்கிய ஒரு காயைத் தேடிப் பிடித்தாள். இடுப்பில் செருகியிருந்ததை எடுத்தாள். அந்தப் பச்சைத் துணி.

"இது கடையில கெடைக்கிற காய்டி. இதுக்கு எதுக்குத் துணி?"

முடிச்சை இறுக்கிய பிறகுதான் பேசினாள்.

"அது நீங்க போன வருஷத்து வெதை. இத்தன வருஷம் அத நான் காப்பாத்துனேன், போதும். இது நீங்க வந்த வருஷத்து வெதை."

கீழே இறங்காமல் அங்கேயே நின்றபடி என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"இது காஞ்சு வெதையாவ ரெண்டு மாசத்துக்கு மேல ஆவும். மேஸ்திரிக்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று அரிசி களையும்போதே கேட்டிருக்கிறாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கட்டிய முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

ஒரு கையால் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் முன்னாலேயே மெசேஜ் பதிந்தேன். "மேஸ்திரி, இந்தத் தடவ வர முடியாது. இங்க ஒரு காய் விதைக்கு விட்டிருக்கு." அவர் "எந்து காய் பாய்?" என்று திருப்பிக் கேட்டிருந்தார். அதை எப்படி விளக்குவது என்று இன்னும் தெரியவில்லை.

இதை எழுதுகிறபோது ஐப்பசி மழை விட்டு, அவரை பூத்திருக்கிறது. முள்ளங்கியும் கொத்தமல்லியும் விதைத்திருக்கிறோம். பீர்க்கங்கொடி பழுக்கத் தொடங்கிவிட்டது. காய் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி வருகிறது. இன்று காலையில் காற்றில் அசைந்தபோது உள்ளே கலகலவென்று கேட்டது போலிருந்தது. கையை நீட்டினேன்.

சமையலறையிலிருந்தே குரல் வந்தது. "தொடாதீங்க. இன்னும் பத்து நாள் போவட்டும்."

"போவட்டும்," என்றேன். "நான் இங்கதான இருக்கேன்."